மருந்துச் சட்டை தொங்கிய வீடு

"ஏண்டி சாந்தி, எம் மருமவ ஜீப் டிரைவரோட ஓடிட்டாள்னு சொன்னியாமே? மஞ்சக்குட்டையிலிருந்து அடிவாரத்துக்கு அவ பின்ன பறந்தா போவா? நீயும் வாராவாரம் அதே ஜீப்புலதான சந்தைக்குப் போற, உன்னைய யாரு இழுத்துட்டு ஓடுனது?"

நான் கேட்டதும் குழாயடியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரியபுஷ்பம் ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

என் மகன் ஜெப்சனைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அவளுக்கும் எஸ்டேட்டில்தான் வேலை. காப்பிச் செடியின் தண்டைத் துளைக்கிற வண்டுக்குப் பூச்சி மருந்து பூசுவாள். துணியை வாளியில் முக்கி, வெறுங்கையால் தண்டைச் சுற்றித் துடைக்க வேண்டும். கையுறை கேட்டால், "பெரிய எடத்துப் பொண்ணாட்டம் கேக்கறயே" என்பார் எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர். சாயங்காலம் விரல் மரத்துப்போய், சோற்றைப் பிசைய முடியாமல் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தன. அப்போது இதே ஊர் அவளை ராசியில்லாதவள் என்றது.

மூன்றாவது தங்கியதும் அவள் வேலையை விட்டாள். மருந்து எங்களை விடவில்லை. ஜெப்சன் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்து சட்டையை ஆணியில் மாட்டுவான். இருப்பதே ஒற்றை அறை, அது முழுக்க அந்த நெடிதான். குடிக்கிற தண்ணீரோ தோட்டத்துச் சரிவில் ஊறி வருவது. மருந்தடித்த மறுநாள் ஊற்றில் தவளை செத்து மிதக்கும்.

சேலத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் ஊற்றுத் தண்ணீரையும் எங்கள் ரத்தத்தையும் எடுத்துப் போனார்கள். பனி போயிற்று, காப்பி பூத்து உதிர்ந்தது. முடிவு மட்டும் வரவில்லை.

வீட்டை விட்டுப் போன அன்று காலை அவளுக்கு லேசாக உதிரம் பட்டது. முன்பு இரண்டு முறையும் இப்படித்தான் தொடங்கியது.

"நானும் வேலைய உட்டா எஸ்டேட்காரங்க ஊட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. எங்க போறது?" என்றான் ஜெப்சன். "கொஞ்சம் பொறு புஷ்பம். ரத்தம் எடுத்தாங்களே, அந்த முடிவு வந்துரட்டும்."

"அதுவரைக்கும் வயித்துல இருக்கறது பொறுக்குமாங்க?"

அவன் ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

"அத்தே, ஆஸ்பத்திரியில காட்டிட்டு எங்கக்கா ஊட்டுக்குப் போயிடறனுங்க. இந்த நெடியில்லாத எடத்துல கெடந்து பாக்கறனுங்க."

"போ கண்ணு. அவனுக்கு நான் இருக்கறேன்."

மாற்றுச் சேலை இரண்டை மடித்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இதுலயும் அந்த மருந்து நெடி நொம்ப வருதுங்க அத்தே."

கட்டிய சேலையோடு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.