குழாய் வேலைக்குக் கட்டிய கறுப்பு பிளெக்ஸ்

நான் குழாய் வேலை செய்கிறவன். திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருக்கிறேன். ரொம்ப வருஷம் ஒரு மேஸ்திரியிடம் இருந்தேன். புதுக் கட்டடங்களில் பைப் இழுப்பது, டேங்க் மாட்டுவது. அவர் கைகாட்டுகிற இடத்தில் வேலை. வேலை பிடித்துவருவது அவர் பாடு. அவர் மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. திண்டுக்கல்லில் எத்தனையோ வீட்டில் நான் மாட்டிய குழாயில் தண்ணி பிடிக்கிறார்கள். என் முகம் ஒரு வீட்டுக்கும் தெரியாது.

வீட்டுக்காரிக்குப் பிறந்த ஊர் ஒட்டன்சத்திரம். அவள் அண்ணன் அங்கே மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கிறார். கேரளாவுக்கு லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்.

"தை பொறந்ததும் ஊட்டக் காலி பண்ணிட்டு வந்துருங்க மாப்ள. தங்கச்சியும் பக்கத்துல இருக்குமுங்க."

நல்ல மனசோடுதான் கூப்பிட்டார். எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. ரெஞ்சு பிடித்த கை. தக்காளிக் கூடைக்குக் காவல் நிற்குமா?

பொங்கலுக்குள் வீடுகளில் குழாய் வேலை பிடித்துக்கொண்டால் இங்கே. இல்லையென்றால் ஒட்டன்சத்திரம். அப்படிப் பேச்சு.

வீட்டுக்காரி என் பக்கம். "அண்ணன் நல்லவருதானுங்க. ஆனா தெனமும் போய் அவுங்க வாசல்ல நின்னா அண்ணி சிரிக்கற சிரிப்பு மாறிப்போயிருமுங்க. இங்கயே பாருங்க."

பார்த்தேன். கார்டு அடித்து ஹார்டுவேர் கடையில் கொடுத்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு டப்பா நிறைய கார்டு. "வச்சிட்டுப் போ அப்பு. யாராச்சும் கேட்டாச் சொல்றேன்" என்றார் கடைக்காரர். யாரும் கேட்கவில்லை.

நோட்டீஸ் அடித்துப் பேப்பர் போடுகிறவரிடம் கொடுத்தேன். அந்த வாரமே டீக்கடையில் எனக்கு வடை வந்தது, என் நோட்டீஸில் வைத்து. எண்ணெய் பட்டு என் நம்பர் பளபளவென்று இருந்தது.

"வீட்டுக்கு வீடு போகுதோ இல்லியோ, உன் விளம்பரம் வாய்க்கு வாய் போகுதுப்பா" என்றார் டீக்கடைக்காரர்.

கடைசியாகத்தான் பிளெக்ஸ். அதுவும் வீட்டுக்காரி யோசனை.

கார்த்திகை மாதம். கல்யாண பேனருக்குக் கடையில் கூட்டம். கம்ப்யூட்டரில் இருந்த பெண் நிமிராமல் கேட்டது.

"என்ன விசேஷம்ணே? காதுகுத்தா?"

"குழாய் வேலை."

"சிரிச்ச மாதிரி போட்டோ இல்லியாண்ணே?"

"இதான் மூஞ்சி."

"என்ன கலர் போட?"

"கறுப்பு. புழுதி தெரியாது."

பேரும் நம்பரும் பெரிதாக இருக்கட்டும் என்றேன். குழாய், டேங்க், மோட்டார் என்பதெல்லாம் அடியில் சின்னதாக வந்தது. ஓரம் மொட்டையாக இருக்கிறது என்று அந்தப் பெண் நாலு மூலையிலும் ரோஜாப்பூ வைத்தது. பிரியமாகத்தான் வைத்தது.

எங்கள் சந்து முனையில் ஒரு வேப்பமரம், ஒரு கரண்ட் கம்பம். இரண்டிலும் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தெருவில் இறந்துபோன பெரியவருக்கு அங்கேதான் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவிழ்த்துவிட்டார்கள். கயிறு நல்ல கயிறு. வீணாவானேன் என்று அதிலேயே என் பிளெக்ஸைக் கட்டினேன். வந்து சாப்பிட்டுப் படுத்தேன்.

காலையில் போன் அடித்தது. வேலைதான் என்று எடுத்தேன்.

"அவரு வீடுங்களா? எப்பங்க எடுக்குறீங்க?"

"என்னத்த?"

"என்னங்க, பொணத்தத்தான்."

"யாரு பொணம்?"

என் பேரைச் சொன்னார்.

"நான்தான் பேசுறேன்."

அந்தப் பக்கம் ஒரு அலறல். போன் கட்டாகிவிட்டது.

பல் தேய்த்துக்கொண்டே கதவைத் திறந்தேன். எதிர்த்த வரிசையில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சரம்மா, கையில் ஜெபமாலையோடு நின்றார். "சேசுவே!" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரி ஓடிவந்து தண்ணி கொடுத்தாள்.

"என்னய்யா இது? யாரோடயும் பேச மாட்டாரு, தங்கமான மனுசன், சத்தமில்லாமப் போயிட்டாருன்னு தெருவுல அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிட்டு வாரேன். இப்ப நான் என்ன சொல்ல?"

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

யாரோ பிளெக்ஸைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். பேர், முகம், பூ. அடியில் இருந்ததை வெட்டிவிட்டார்கள். பக்கத்து ஆத்தூரிலிருந்து சித்தப்பா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் சம்பங்கி மாலை. என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ஏலே, உசுரோடவா இருக்க? பூ மார்க்கெட்டுல இருக்குறதுலயே பெரிய மாலையா வாங்கியாந்தேன்லே!"

பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மாலையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் வைத்தார். பக்கத்து வீட்டு ஆடு தின்றது. அழுது முடித்துவிட்டு அவருக்கு ஒரு சந்தேகம்.

"சாவு வீடுன்னு வந்துட்டேன். இப்ப நான் குளிக்கணுமா, வேணாமா?"

"ஆளு உசுரோட இருக்கறப்ப எதுக்குங்க மாமா குளிக்கறீங்க?" என்றாள் வீட்டுக்காரி. அழுகையும் சிரிப்பும் அவளுக்கு ஒன்றாக வந்தது.

வீடு நிறைந்துவிட்டது. வந்த எல்லாருக்கும் காபி. செத்தவன் கையால் காபி குடிக்கிறோம் என்று ஒரே சிரிப்பு.

அப்போது மச்சான் மண்டி வண்டி வந்து நின்றது. தங்கச்சியைக் கையோடு கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார். நான் காபித் தட்டோடு நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இது சகுனமுங்க மாப்ள. இந்த ஊரு வேண்டாமுன்னு சொல்லுது. வண்டி நிக்குது. இன்னிக்கே ஏத்திருவோம்."

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பொங்கலுக்கு ரொம்ப நாளும் இல்லை, கையில் வேலையும் இல்லை.

"தண்ணி வந்துருச்சு!"

தெருவில் யாரோ கத்தினார்கள். கார்ப்பரேஷன் தண்ணி. எங்கள் பக்கம் அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. துக்கத்துக்கு வந்த கூட்டம் செத்த நேரத்தில் காலி. டீச்சரம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார்.

ஓடினவர் திரும்பி வந்தார், சேலையெல்லாம் நனைந்து. கையில் குழாயின் தலை.

"திருகுனேன், கையோட வந்துருச்சுய்யா! நீ குழாய் வேலைக்காரன்தானாமே? இம்புட்டு நாளா எதுத்த வீட்டுல இருந்துக்கிட்டுச் சொல்லலியே!"

பையை எடுத்தேன். அதை மாட்டி முடிக்கும் முன்னாலேயே அடுத்த வீட்டில் கூப்பிட்டார்கள். தண்ணி வருகிற அன்றைக்குத்தான் ஒழுகுவது தெரியும். அன்றைக்குத்தான் குழாய்க்காரன் நினைப்பும் வரும். அங்கே வால்வு, இங்கே மீட்டர் பக்கம் வெடிப்பு. வாசலுக்கு வாசல் சத்தம்.

"செத்தவரு வந்துட்டாரு, கதவத் தொற!"

"உள்ள வாங்கண்ணே, ஆவியா ஆளா?"

"ஆளா இருந்தா என்ன, ஆவியா இருந்தா என்ன, ஒழுகாம நின்னாச் சரி!"

மச்சான் பின்னாலேயே வந்தார். முதலில் வேடிக்கை பார்க்க. அப்புறம் பையை அவரே வாங்கித் தூக்கிக்கொண்டார். வெள்ளை வேட்டி முழங்காலுக்கு மேலே நனைந்துவிட்டது. தண்ணி நிற்கும்வரை நடந்தோம். திரும்பும்போது, "ஊரு உங்களத் தேடுதுங்களே மாப்ள" என்றார். வண்டியைப் பற்றி அவர் பேசவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரி மிளகாய் சுற்றிப் போட்டாள். அந்தப் பிளெக்ஸை உடனே அவிழ்க்கச் சொன்னாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

"என்னங்க, வெளையாடறீங்களா?"

"கார்டு பேசல. நோட்டீஸ் பேசல. இது பேசுது."

பிளெக்ஸ் கடைக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கும் சேதி போயிருந்தது. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு சிரித்தது. ஒரு சின்னப் பட்டை அடித்துத் தரச் சொன்னேன். மஞ்சளில் அடித்துத் தந்தது. கறுப்புக்குக் கீழே ஒட்டினேன்.

"நலமாக இருக்கிறேன். குழாய் வேலைக்குக் கூப்பிடவும்."

அதையும் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். இந்தத் தடவை யாரும் அடியில் வெட்டவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் நம்பர் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூப்பிட்டவர்கள். அவர்கள் வீட்டிலும் ஏதாவது ஒழுகத்தான் செய்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் மச்சானிடமிருந்து சீர் வந்தது. கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு பெரிய பூசணி. இறக்கிவைத்துவிட்டு மண்டி டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"திரும்பறப்ப ஊட்டுச் சாமான் எதாச்சும் ஏத்தணுமான்னு மொதலாளி கேக்கச் சொன்னாருங்க."

நான் டீச்சரம்மா வீட்டு மாடியில் டேங்குக்கு மேலே நின்றேன். நான் வாய் திறக்கும் முன்னால் வீட்டுக்காரி வாசலிலிருந்து பதில் சொன்னாள். தெரு முழுக்கக் கேட்டது.

"ஒண்ணும் இல்லீங்க! அண்ணனையும் அண்ணியையும் பொங்கச் சோறு திங்க வரச் சொல்லுங்க!"