நிற்க முடியாதவர்களின் வரிசை

காலை 11.24. கவுண்டர் கண்ணாடிக்கு வெளியே முதலில் கண்ணில் பட்டது கயிற்றுக்குள் நின்ற வரிசை. முப்பத்தொரு பேர். பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை.

ஜொகூரில் ஒரு தீம் பார்க்கின் வாடிக்கையாளர் சேவைக் கவுண்டரில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். தொலைந்த பை, நனைந்த போன், புகார் எல்லாம் அங்கேதான் வரும். ரைடு வரிசையில் நிற்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கான அட்டையும் அங்கேதான். அட்டை இருந்தால் முன்னால் விட்டுவிட மாட்டோம். வரிசை ஒரு மணி நேரம் என்றால், ஒரு மணி நேரம் கழித்து வரச்சொல்லி நேரம் எழுதித் தருவோம். அதுவரை எங்கேயாவது உட்காரலாம். அட்டையில் படம் வேண்டும். படத்துக்கு உரியவர் கவுண்டருக்கு நேரில் வர வேண்டும்.

அன்று ஒருவர் முப்பத்தைந்து நிமிடம் நின்று என்னிடம் வந்தார். பெயர் குமரன். மாசாயில் தொழிற்சாலை வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் ஓகேயு அட்டை, மகளுடையது, அதை நீட்டினார். தேவி, பத்தொன்பது வயது, ஆட்டிசம்.

"கியூவுல நிக்க முடியாதுன்னு சொல்றதுக்கே கியூவா, பாஸ்?" என்று சிரித்தார்.

"மக எங்கண்ணே?"

"அங்க, நிழல்ல. அம்மாகூட இருக்கு. கூட்டத்துல வந்தா தாங்காது. போட் ரைடு ஒண்ணு போதும் பாஸ். மூணு மாசமா படத்தக் காட்டிப் பழக்கியிருக்கோம்."

"படம் எடுக்கணும்ணே. இங்க வரச்சொல்லுங்க."

அவர் வரிசையை விட்டு ஒதுங்கிப் போன் செய்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். தேவி காதுக்கவசம் மாட்டி, படகின் படத்தை நெஞ்சோடு பிடித்து அம்மாவோடு வந்தாள். மூவரும் கண்ணாடியை நெருங்கியதும் பின்னாலிருந்து ஒரு குரல்:

"ஹலோ பாஸ், நாங்க மட்டும் சும்மாவா நிக்கிறோம்? பின்னால போங்க லா!"

"பொண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றார் இன்னொருவர்.

குமரன் என்னைப் பார்த்தார். கூட்டம் சத்தம் போடும் என்று பயந்தேன்.

"அண்ணே, ஒருதரம் வெளிய போயிட்டீங்க. திரும்ப லைன்ல வாங்க. சீக்கிரம் பாத்துடறேன்."

அவர் வாதாடவில்லை. வரிசையின் கடைசிக்குப் போனார்கள். "போட்டு, போட்டு" என்று தேவி சொல்வது கொஞ்ச நேரம் கேட்டது. ஏழாவது நிமிடம் அவள் தரையில் உட்கார்ந்து தலையை இரும்புத் தூணில் இடித்தாள். வரிசை விலகி இடம் விட்டது. அம்மா தன் உள்ளங்கையைத் தூணுக்கும் தலைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

நான் வெளியே ஓடினேன். "இப்பவே எழுதித் தரேன்ணே, வாங்க."

"வேணாம் பாஸ். இனிமே ஏறாது," என்றார் குமரன். "ரூல்ஸ்தானே, உங்கமேல தப்பில்ல."

படகின் படம் கயிற்றுக்குக் கீழே கிடந்தது. எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். அவர்கள் போய்விட்டிருந்தார்கள். ஒருமுறை ஸ்கேன் ஆன டிக்கெட்டில் மறுநாள் நுழைய முடியாது.

புதிதாகக் கவுண்டருக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: நிற்க முடியாது என்று ஒருவர் சொன்னால், முதலில் நீங்கள் எழுந்திருங்கள்.

படம் எடுக்க நாங்கள் வைத்திருந்தது ஒரு டேப்லெட். அதற்கு வயர் கிடையாது. அவள் உட்கார்ந்திருந்த நிழற்கூடம் என் நாற்காலியிலிருந்து நாற்பது அடி.