அக்கா மலையிடுக்கைப் பார்த்த நாள்

என் அக்கா வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துபோகும். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் அவர். எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும் என்று விசில் ஊதி விரட்டுவது வேலை. அந்த வேலையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் எனக்கு ஒரு புகாரும் இருந்திருக்காது. விருந்துக்குப் போனால் கை கழுவிய ஈரத்தோடு செருப்பைத் தேடுவார். சினிமாவில் கடைசிச் சண்டை ஆரம்பித்ததும் எழுந்துவிடுவார், வாசலில் நெரிசலாகிவிடுமாம். பின்னாலேயே அக்காவும் எழுந்துகொள்வாள். வில்லன் கடைசியில் என்ன ஆனான் என்று மறுநாள் என்னிடம் வந்து கேட்பாள்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண்கள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஓடியே காலம் போய்விட்டது. தனக்கென்று எதுவும் கேட்டுப் பழக்கம் இல்லாதவள். அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற கையோடு ஒன்று கேட்டாள். மலையிடுக்கைப் பார்க்க வேண்டுமாம்.

கல்யாணமான புதிதில் அந்த வழியாகப் போயிருக்கிறார்கள். பஸ் டீ குடிக்க நின்றிருக்கிறது. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, எங்கோ அடியில், ஆறு ஓடும் சத்தம். கம்பி வேலி வரைக்கும் போய் எட்டிப் பார்ப்பதற்குள் மாமா கிளம்பலாம் என்றுவிட்டார். சத்தத்தைக் கேட்டவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் அதை மனதில் வைத்திருந்தாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"போலாமே," என்றார் மாமா. "ரெண்டு பாறை, நடுவுல ஒரு பள்ளம். அரை மணி நேரம் தாராளம்."

"எனக்கு ஒரு நாள் முழுக்க வேணுங்க."

"ஒரு நாளா? பள்ளம் ஒரே இடத்துலதானே இருக்கு? அதையே எவ்வளவு நேரம் பாப்ப?"

அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். மாமா அரை மணியிலிருந்து ஒரு மணிக்கு ஏறினார், பெரிய மனது பண்ணி ஒன்றரைக்கு வந்தார். அக்கா இறங்கவே இல்லை. வீட்டில் பேச்சு குறைந்து பாத்திரச் சத்தம் கூடியது. கடைசியில் நான்தான் புகுந்து பஞ்சாயத்து செய்தேன்.

"மாமா, அங்கருந்து கிளம்பலாம்னு அக்காதான் சொல்லணும். அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"சரிம்மா. ஆனா நீயும் கூட வா. நான் பேசலைங்கறதுக்குச் சாட்சி வேணும்."

இப்படியாக மூவரும் போனோம். மலையடிவாரத்தில் அறை எடுத்து, காலையில் வேன் பிடித்து மேலே ஏறினோம். வேலியோரம் நின்று குனிந்தால் தலை சுற்றியது. நமக்குக் கீழே பறவைகள் பறந்தன. அதற்கும் கீழே, பாறை விட்டுக்கொடுத்த கொஞ்ச இடத்தில், ஆறு பச்சையாக ஓடியது.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாயைத் திறக்கவில்லை. ஆனால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஒரு இடத்தில் நிற்கவும் இல்லை. எச்சரிக்கைப் பலகையைப் படித்தார். வானத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பலகையில் புதிதாக ஏதும் எழுதியிருப்பார்களோ என்று மறுபடி போய்ப் படித்தார். நான் அக்காவைக் கவனித்தேன். அவள் கீழே பார்ப்பாள், உடனே திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பாள். ஆற்றைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தாள்.

"போலாங்க," என்றாள், வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

மாமாவுக்கு முகமெல்லாம் பல். பை அதற்குள் தோளில் ஏறியிருந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னக்கா, அவ்வளவுதானா?"

"பாவம்டி, அவரு எவ்வளவு நேரம்தான் நிப்பாரு?"

"அவரு போகட்டுமே. நீ எதுக்குப் போகணும்?"

கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. இத்தனை பேரம் நடந்ததே, ஒருவர் போய் ஒருவர் இருக்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பஞ்சாயத்து செய்த மகராசி எனக்கும் தோன்றவில்லை.

"தனியாவா?" என்றார் மாமா.

"ஏன் மாமா, அக்காவை யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களா?"

அக்கா அங்கிருந்த கல்மேடையில் போய் உட்கார்ந்தாள். மாமா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேனுக்குப் போனார்.

உண்மையைச் சொன்னால், சற்று நேரத்தில் எனக்கும் அலுத்துவிட்டது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் பாறை பாறையாகத்தான் இருந்தது. தாகம் என்று சாக்குச் சொல்லி நழுவினேன். டீக்கடையிலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரிந்தது. ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். உச்சி வெயில் பாறை வழியாக இறங்கித் தண்ணீரைத் தொட்டு மறுபக்கம் ஏறிப் போனது. அவள் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

இடுக்கு முழுக்க நிழல் நிறைந்த பிறகுதான் எழுந்து வந்தாள். வேனில் ஏறி உட்கார்ந்தவளின் முகம் தெளிந்திருந்தது. சந்தோஷமாக இருந்தாள், எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"பாத்து முடிச்சாச்சா?" என்றார் மாமா.

"இல்லங்க. பத்தல. நாளைக்கும் வரணும்."

மாமா பெருமூச்சு விட்டார். "சரி, வரலாம்." நல்ல மனதோடுதான் சொன்னார்.

"நீங்க வர வேணாங்க. நான் மட்டும் வந்துக்கறேன்."

மாமாவின் முகம் சுண்டிப்போனது. இப்படி ஒருநாள் வராதா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவள் நான். வந்தபோது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டார்.

அக்கா யோசித்தாள்.

"தெரியலங்க," என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.