அப்பாவின் குரலை அழிக்கச் சொன்ன கடைக்காரர்

தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு அப்பாவால் பேச முடியாது. அதற்கு முன் பதிவு செய்து வைத்த அவர் குரல் என் லேப்டாப்பில் மட்டுமே இருந்தது. ஒருநாள் அந்த லேப்டாப் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது.

அப்பாவோடு மலைக்கோட்டைப் பக்கம் ஒரு லேப்டாப் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒருமுறை ஆன் செய்து பார்த்தார். "உள்ள இருந்ததெல்லாம் போச்சுங்க. மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்," என்றார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சரியா பார்க்காமலே எப்படிங்க போச்சுன்னு சொல்றீங்க?" என்று கத்திவிட்டு, லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உறையூரிலிருந்து தோழி நசீமா ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீடு தேடி வந்தாள். "ஆன் பண்ணதும் முதல்ல ஒரு சின்ன புரோகிராம் முழிக்கும். அது பூட் லோடரை எழுப்பும். பூட் லோடர்தான் மத்ததையெல்லாம் கொண்டுவரும். நடுவுல அது மட்டும்தான்டி கெட்டிருக்கு. உன் ஃபைலெல்லாம் அப்படியே இருக்கு," என்றாள். பென் டிரைவ் போட்டு அதைச் சரிசெய்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றது அப்பாவின் குரல். அப்பா சிரித்தார். மறுபடி போடச் சொல்லிச் சைகை காட்டினார்.

அதுவரை நான் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அன்று கடையில் பணிவாகத் தலையாட்டியிருந்தால்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.