கூடைக்குள் இருந்த மெசின்

தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம்... அடுப்பில் ரொட்டி வேகும் வாசம்... மழை பிடித்துவிட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். எனக்குக் கத்த வராது. அதனால் எங்கள் ஊர் லிந்துலையில் மழைக்காலம் முழுக்க நான் ஊமைதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அட்டனில் படிக்கும் மாமா மகன் சுப்பையா மச்சான் ஒரு புதுச்சேதியோடு வந்திருந்தார். வெள்ளைக்கார நாட்டில் இயந்திர மூளை ஒன்று செய்திருக்கிறார்களாம்.

"எதக் கேட்டாலும் ஆமா, இல்லைன்னு சரியாச் சொல்லிருமாம் மாமா!"

அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சிரித்தார். "மெசினே யோசிக்குதுன்னா நம்ம பாக்கியம் படிச்சு என்னாகப் போகுது? நாளையிலருந்து வீட்டுல இருந்து தம்பியப் பாத்துக்கட்டும்."

பாக்கியம் என் தங்கை. என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதும் இப்படித்தான்... பேச்சோடு பேச்சாக. என்னை நிறுத்தியபோது நான் வாயே திறக்கவில்லை.

மச்சான் கொழுந்துக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். "இப்ப நாந்தான் மெசின். கேளுங்க!"

"மழ விடுமா?"

"இல்லை."

"ரொட்டி கருகிருச்சா?"

"ஆமா!"

அம்மா அகப்பையால் கூடையில் ஒரு போடு போட்டார்.

பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப அழுவா பாரு" என்றார் அப்பா. உடனே அவள் பல்லைக் காட்டினாள். எப்போதும் அப்படித்தான். அவள் செய்யப்போவதை யார் சொன்னாலும் நேர்மாறாகச் செய்வாள்.

எனக்குள் ஏதோ துள்ளியது. மெசின் என்ன சொன்னாலும் நேர்மாறாகிவிடுகிற ஒரு கேள்வி இருந்தால்?

மெதுவாகக் கேட்டேன். மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

கத்தினேன்.

"மெசினு! இந்தக் கேள்விக்கு நீ இல்லைன்னு பதில் சொல்லப்போறியா?"

"ஆமா!" என்றது கூடை.

"இல்லைன்னு சொல்லப்போறேன்னுட்டு ஆமான்னு சொல்றீங்களே மச்சான். தப்பு!"

"சரி... இல்லை!"

"இல்லைன்னு சொல்லமாட்டேன்னுட்டு இல்லைன்னே சொல்லிட்டீங்க. அதுவும் தப்பு!"

கூடை இப்படியும் அப்படியும் ஆடியது. பிறகு மச்சான் தலைமுடியெல்லாம் இலைத்தூசியோடு வெளியே வந்தார். "அடியே... எந்த மெசினுக்கும் இது முடியாதுடி!"

அப்பா தொடையில் தட்டினார். "இந்தப் புள்ளைக்கு இவ்வளவு சத்தம் எங்கருந்து வந்துச்சு?"

அப்போது பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அதே கேள்வி ஒனக்கு!"

ஆமா... இல்லை... எனக்கும் வழியில்லை! கூடை இல்லாமலே மாட்டிக்கொண்டேன். பேசாமல் இருந்தேன்.

"மெசினும் இப்படிப் பேசாம இருக்கலாமே?" என்றார் மச்சான்.

"இருக்கலாம். ஆனா ஏன் பேசலன்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?" என்றேன்.

மச்சான் மறுபடி கூடைக்குள் எட்டிப் பார்த்தார். நானும்தான்!

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் முன் அப்பா பாக்கியத்தை உலுக்கினார். "எந்திரி. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

எனக்கு இப்போது பதினேழு வயது. பாக்கியம் பஸ் ஏறித் தலவாக்கலையில் படிக்கிறாள். அவள் போடும் கணக்குகள் எனக்குப் புரிவதில்லை. ஆனால் கொழுந்து கிள்ளும்போதெல்லாம் நான் ஒன்றைத் தேடுகிறேன்... மெசின் மாட்டிக்கொள்ள வேண்டும், நான் மாட்டிக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு கேள்வி. இன்னும் கிடைக்கவில்லை.

"என்னடி யோசன?" என்று பக்கத்து நிரையிலிருந்து யாராவது கேட்டால் முன்பு தலையைக் குனிந்துகொள்வேன். இப்போது மழை இல்லாத நாளிலும் கத்திச் சொல்கிறேன்.