யாழ்ப்பாணம் போன பீலித்தண்ணி

எங்கள் அப்பாவுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஏதாவது இருந்தால், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தேயிலை விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஃபெக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் அவருக்கு வேலை. ஒரு சிட்டிகைத் தூளை மூக்கருகே கொண்டுபோய், இது எந்த மலைக் கொழுந்து என்று சொல்லிவிடுவார். சோதித்துப் பார்க்க எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் வழியில்லை என்பதால் அவர் சொன்னது எப்போதும் சரியாகவே இருந்தது. அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது என்று அம்மா சொல்வாள். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட அப்பாவை ஒரு தேத்தண்ணி தலைகுனிய வைத்தது, சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த புதிதில்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். அம்மாவின் தங்கையான என் சித்தி அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தாள். இருவருக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. தாய் தகப்பன் இல்லாத சித்தியை வளர்த்தது அம்மாவும் அப்பாவும்தான், அவர்களுக்குச் சம்மதம். சேருடைய அம்மாவுக்குத்தான் இல்லை. தோட்டத்துப் பெண் என்று கேள்விப்பட்டதும் மகனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம். கடைசியில், கோயிலுக்கு வருகிறவர்கள் போல வரட்டும், பார்க்கலாம் என்கிற அளவுக்கு இறங்கி வந்தார். அவர் தலையாட்டினால்தான் கல்யாணம். பெற்றவளை அழவைத்து ஒருவரைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சித்தியே சொல்லிவிட்டாள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. நல்லூர்த் திருவிழாவைச் சாக்காக வைத்துப் புறப்பட்டோம்.

அப்பாவுக்குக் கவலையே இல்லை. ஃபெக்டரியை நடத்துகிற டீமேக்கரிடம் கெஞ்சிக் கேட்டு, துரை பங்களாவுக்குப் போகிற தூளில் ஒரு பை வாங்கி வைத்திருந்தார்.

"நம்மகிட்ட நகையா நட்டா, காட்டுறதுக்கு? என் கையால ஒரு சாயத்தண்ணி போட்டுக் குடுக்கிறேன். குடிச்சிட்டு அந்தம்மா சரின்னு சொல்லலைன்னா ஏன்னு கேளு" என்றார் அம்மாவிடம்.

அம்மாவின் ஏற்பாடு வேறு மாதிரி. எங்கள் லயத்தில் பிள்ளைகளை வெளியூருக்குக் கூட்டிப்போனால் பீலித்தண்ணியும் கூடவே வரும். மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்து வளர்ந்தோம். தண்ணி மாறினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று பயந்து, போகிற இடத்துத் தண்ணீரில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுத்துப் பழக்குவார்கள். எனவே எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் கேன் நிறைய பீலித்தண்ணி பஸ் ஏறியது.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பட்டாளத்துக்காரன் கேனைத் திறந்து மோந்து பார்த்தான். "வத்துர மாத்தயா, லமயாட்ட" என்று, பிள்ளைக்குத் தண்ணி என்பதைத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, அம்மா என்னைக் காட்டினாள். பிறகு அப்பாவின் பையைத் திறந்தவன் முகம் மலர்ந்து, "ஹொந்த தே" என்றான். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். நல்ல தேயிலை என்று பட்டாளமே ஒத்துக்கொண்ட பிறகு ஒரு மாமியார் எம்மாத்திரம்!

யாழ்ப்பாண நகரத்தில் அவர்கள் வீடு பெரியது. கூரைக்கு மேல் தண்ணீர்த் தாங்கி, குளியலறையில் குழாய். குழாயைத் திறந்து குளிப்பது எனக்குப் பெரிய கொண்டாட்டம். ஆனால் சோப்பு நுரைக்கவே இல்லை. தேய்க்கத் தேய்க்க உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டியது. குழாய் வாயைச் சுற்றி வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. வாளியின் உட்புறம் சுண்ணாம்பு அடித்தது போலிருந்தது. சித்தி தலை முழுகிவிட்டு வந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற அவள் கூந்தல்தான் எங்கள் பக்கத்துக்கே அழகு. அது கயிற்றுத் தும்பு மாதிரி விறைத்து, சீப்பு இறங்காமல் நின்றது. அம்மா இழுத்து இழுத்துப் பின்னினாள். வலியில் சித்தியின் கண்ணில் தண்ணீர் வந்தது; வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

சேருடைய அம்மா வெள்ளைச் சேலை கட்டி, கூடத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அப்பா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா, இன்னைக்கு நான் போடுறேங்க தேத்தண்ணி."

ஆண்பிள்ளை குசினிக்குள் போவதா என்று அந்த அம்மா புருவத்தை உயர்த்தினார். அப்பா அதற்குள் போய்விட்டார். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தூளைப் போட்டு, மூடி வைத்து, வடித்து, எல்லாம் முறைப்படி செய்தார். கோப்பையில் ஊற்றினால் சேற்றுத் தண்ணீர். கறுப்பு என்றும் சொல்ல முடியாது, சிவப்பு என்றும் சொல்ல முடியாது. ஆறத் தொடங்கியதும் மேலே எண்ணெய் போல ஏடு கட்டியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இதுவோ உங்கட பேர்போன தேயிலை? நல்லதை எல்லாம் கப்பல்ல ஏத்திப்போட்டுக் கழிவை எங்களுக்குக் கொண்டு வந்திருக்கிறியள் போல."

அப்பா தலைகுனிந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். "டீமேக்கர் என்னைய ஏமாத்திட்டான்" என்று முனகினார். அதுவரை தெய்வமாக இருந்த டீமேக்கர் ஒரு நொடியில் திருடனாகிவிட்டார். சேர் தரையைப் பார்த்தார். சித்தியின் விரல்கள் சேலைத் தலைப்பைத் திருகின. கல்யாணம் கையை விட்டுப் போகிறது என்பது எனக்கே விளங்கியது.

விளங்கினாலும் எனக்குத் தாகம். "எனக்கு நம்ம தண்ணியில போட்டுத் தாங்கம்மா" என்றேன், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி. அம்மா முறைத்தாள். பிள்ளை காய்ச்சலில் விழுந்தால் இன்னும் வம்பு என்று நினைத்தோ என்னவோ, கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதே தூள், அதே அடுப்பு. என் கையில் வந்த டம்ளரில் செம்பொன் நிறத்தில் சாயம் பளபளத்தது. மணம் கூடத்தைச் சுற்றிவந்தது.

அப்பா ஒரே எட்டில் என் டம்ளரைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தார். "தண்ணிங்க! தூளு இல்லைங்க, தண்ணி!" என்று கத்தினார். டீமேக்கர் மறுபடியும் தெய்வமானார்.

அந்த அம்மாவுக்கு வேறொரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். அவர் முழுவதையும் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு, "எங்கட தண்ணி கல்லுத் தண்ணிதான். கேத்தலுக்குள்ள பாருங்கோ, கொத்தித்தான் எடுக்க வேணும். பருப்பும் லேசில அவியாது" என்றார். பிறகு, "அப்ப இவ்வளவு காலமும் நான் என்னத்தைக் குடிச்சனான்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

சேர் மெல்லச் சிரித்தார். "அங்க குடிச்ச ருசி இங்க வராது அம்மா. எனக்குத்தான் போடத் தெரியேல்லை எண்டு நினைச்சன்."

வழியெல்லாம் நான் குடித்தது போக, கேனில் இன்னும் ஒரு கோப்பைக்குத்தான் தண்ணீர் இருந்தது. "உந்தப் பிள்ளை இன்னும் குடிக்கேல்லை. அவவுக்குப் போட்டுக் குடுங்கோ" என்றார் அந்த அம்மா. அவர் சித்தியைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

"வேணாங்கம்மா" என்றாள் சித்தி. அப்பா போட்டு, அந்த அம்மா தள்ளிவைத்த கோப்பை அங்கேயே ஆறிப்போய் இருந்தது. அதை எடுத்தாள். ஏடு உதட்டில் ஒட்டியது. முகம் சுளிக்காமல், அடியில் கசடு தெரிகிற வரை குடித்தாள். "எனக்கு இது பழகிரும்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லது பக்கத்தில் இருக்கும்போது எச்சில் சேற்றைக் குடிக்கிறாளே, இவளுக்கு ருசியும் தெரியாது, ரோஷமும் கிடையாது என்று நினைத்தேன்.

அந்த அம்மா எழுந்துவந்து வெறுங்கோப்பையைச் சித்தியின் கையிலிருந்து வாங்கினார். பின்னலைத் தொட்டுப் பார்த்தார். "சோப்புப் போட்டு முழுகினீரோ? இந்தத் தண்ணிக்கு அது சரிவராது, பிள்ளை. தேசிக்காய்ப் புளி தேய்ச்சு முழுக வேணும். நாளைக்கு நான் புளிஞ்சு தாறன்" என்றார்.

அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். எலுமிச்சம்பழத்துக்கு எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

ஊர் திரும்பியதும், கல்யாணத்தை முடித்து வைத்தது என் கேன்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். அப்பாவும் மறுக்கவில்லை, கேனோடு தன் சாயத்தண்ணியையும் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்து, சேருக்கு யாழ்ப்பாணத்துக்கே மாற்றம் கிடைத்துச் சித்தி புறப்பட்ட காலையில், அதே கேனைப் பீலியில் கழுவி, வாய்வரை நிரப்பி, அவள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். இனி அங்கே தினமும் நல்ல தேத்தண்ணி குடிக்கட்டும் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பீலிக்கரைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தாள். மிச்சம் முழுவதையும் பீலியிலேயே கவிழ்த்துவிட்டு, வெறும் கேனை என் கையில் தந்தாள். அவள் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

அவ்வளவு தூரம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகக் கேன் பாரமாக இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த முறை சின்னக் கேனாகக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.