கிட்டாருக்கு மாட்டிய ட்ரெமோலோ ராடு

கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்டு முழுக்க இரும்பு தேய்க்கும் கிரைண்டரைப் பிடித்துவிட்டு, காலையில் கவரைப்பேட்டை வீட்டுக்கு வந்தேன். சர்ச்சில் வாசிக்கும் என் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வாங்கிய ட்ரெமோலோ ராடு பல நாளாகச் சும்மா கிடந்தது. அதை அழுத்தினால் ஸ்வரம் அலைபோல ஆடும். உட்கார்ந்து கிட்டாரில் அதைத் திருகிப் பார்த்தேன். கிரைண்டர் அதிர்வில் கை இன்னும் நடுங்கியதில் மரையே பிடிக்கவில்லை.

"இன்னாங்க, கை இப்படி நடுங்குது? குடுங்க," என்று என் மனைவி வாங்கி மெல்லத் திருகினாள். மாட்டிக்கொண்டது. ஆனால் ராடை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் தந்திகள் பழைய சுருதிக்குத் திரும்பவில்லை. கிட்டாரின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே தந்திகளுக்கு எதிராக இழுக்கும் ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கும் ஸ்க்ரூவை நான் சொல்லச் சொல்ல அவளே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். சுருதி சேர்த்து மறுபடி அழுத்தினோம். சரியாகத் திரும்பியது.

"வாசிங்களேன்," என்றாள்.

தந்தி மேல் விரல் வைத்தேன். விரல் மரத்துப்போயிருந்ததில் பட்டதே தெரியவில்லை.

"தூங்கி எழுந்து வாசிக்கிறேன்," என்றேன்.

அவள் கிட்டாரை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தலையணையை எடுத்துப் போட்டாள்.